காஜா பெராங்கில் ஒரு ஜாஸ் வழக்கு

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும் என்று எந்த மகராசன் ஏற்பாடு செய்தானோ, அவன் புண்ணியத்தில் நான் கடல் தாண்டினேன். மலாக்காவில் இருக்கும் என் தங்கை கமலா, "தோடு, பட்டுப்பாவாடை எல்லாம் இங்கேயே கிடைக்கும். மடி மட்டும் இங்கே கிடைக்காது. எடுத்துக்கொண்டு வந்து சேர்" என்று எழுதியிருந்தாள். மெட்ராஸில் நான் வேலை பார்க்கும் வாரப்பத்திரிகையில் என் மடிக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்ததே இல்லை. லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

திங்கட்கிழமை காலை மலாக்கா பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். நாடு சுதந்திரம் வாங்கி ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. தெருவில் கட்டிய அலங்கார வளைவுகளை இன்னும் கழற்றவில்லை. மழையில் சாயம் இறங்கி, கல்யாணம் முடிந்த மறுவாரம் பந்தல் நிற்குமே, அப்படி நின்றன. நம்ம ஊரில் பத்து வருஷத்துக்கு முன்னால் கட்டியதே சில இடங்களில் நிற்கிறது என்பதால் நான் குறை சொல்லவில்லை.

என்னிடம் ஒரு தகரப்பெட்டி. அதில் அரிவாள்மணை, வடகம், நார்த்தங்காய் ஊறுகாய், கமலா கேட்ட இன்னும் பதினெட்டு சாமான். வண்டிக்காரர் பின்னால் உட்கார்ந்து மிதிக்க, சவாரி முன்னால் உட்காரும் பெச்சா என்ற சைக்கிள் வண்டியில் ஏறினேன். வரப்போகும் விபத்தை எல்லாம் முதல் ஆளாகப் பார்க்கும் வசதி அதில் உண்டு. கமலா வீடு இருக்கும் காஜா பெராங் போய்ச் சேர்ந்து, தெருவுக்குள் திரும்பியதும் டயர் வெடித்தது. வண்டிக்காரர் என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தார்.

எதிரே ஒரு வீட்டிலிருந்து ஐம்பது வயதுக்காரர் ஒருவர் இறங்கி வந்தார். கட்டம் போட்ட சாரோங், நெற்றியில் பட்டை பட்டையாகத் திருநீறு. அப்பாடா, தமிழர் என்று, "ஐயா, கொஞ்சம் ஒரு கை பிடிங்க" என்றேன். அவர் மலாயில் ஏதோ பதில் சொன்னார். நான் விழித்தேன். ஆனாலும் பெட்டியின் மறுபக்கத்தைத் தூக்கினார். நாலு வீடு நடந்தோம். "எந்த வீடு?" என்று இங்கிலீஷில் கேட்டார். "சந்தானம், கிளார்க் சந்தானம்" என்றேன்.

அந்த மனிதர் அங்கேயே நின்றார். பெட்டியைச் சாக்கடைப் பாலத்தின் மேல் மெதுவாக வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார், பொய் சொல்லக்கூடாது. கையைத் தட்டிக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். சந்தானம் வீட்டுக்கு இன்னும் பத்தடிதான் இருந்தது.

"அவரு வைத்தி சிட்டி அண்ணே" என்றாள் கமலா, காப்பியை வைத்துவிட்டு. இங்கே காப்பிக்கொட்டையை வெண்ணெயும் சர்க்கரையும் போட்டு வறுக்கிறார்கள். குடித்தால் காப்பி மாதிரியும் இருக்கிறது, கருகிய பாயசம் மாதிரியும் இருக்கிறது. "சிட்டிங்கன்னா இங்கேயே நானூறு வருஷமா இருக்கிற நம்ம ஜனங்க. வீட்டுல பேசுறது மலாய்தான். சாமி, பூசை எல்லாம் நம்மளவிட ஒழுங்கு. அவருக்கும் இவருக்கும் ரெண்டு மாசமா பேச்சு வார்த்தை இல்ல."

"எதுக்கு? வேலி தகராறா?"

"ஜாஸ் தகராறு."

நான் காப்பியைக் கீழே வைத்தேன்.

விஷயம் இதுதான். என் மாப்பிள்ளை சந்தானம் பகலில் ஒரு ரப்பர் வியாபாரியிடம் கிளார்க்; சாயந்திரம் சாக்ஸபோன் வாசிப்பவர். சிங்கப்பூரில் ஓர் அமெரிக்க மாலுமியிடம் பழைய சாக்ஸபோனை வாங்கினாராம். அன்றிலிருந்து தன்னைப் பாதி அமெரிக்கராகவே நினைத்துக்கொண்டிருக்கிறார். வைத்தி சிட்டி வயலின். இளவயதில் டச்சுக் கப்பலில் பரிசாரகராக இருந்து ஐரோப்பாத் துறைமுகங்களை எல்லாம் பார்த்தவர். இரண்டு பேரும் சேர்ந்து கல்யாணங்களிலும் கிளப்புகளிலும் வாசித்துக்கொண்டு ஒரே தட்டில் சாப்பிடாத குறையாக இருந்தார்கள். ஒருநாள், ஐரோப்பாக்காரன் வாசிக்கும் ஜாஸ் அமெரிக்காக்காரன் ஜாஸுக்கு ஈடாகுமா என்று பேச்சு வந்திருக்கிறது. வாய் தடித்தது. வைத்தி வயலினைப் பெட்டியில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

"இதுக்கா ரெண்டு மாசம்?" என்று சிரித்தேன்.

கமலா சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை காதுகுத்து. வைத்தி சிட்டி சம்சாரம் பச்சை அக்கா, அவரு வராம வரமாட்டாங்க. இந்தப் பிள்ளை பொறந்தப்ப பேய்மழை, ஒரு வண்டி கிடைக்கல. பச்சை அக்காதான் என் பிள்ளையைக் கையில வாங்குனாங்க. நாப்பது நாள் எனக்கு வெந்நி ஊத்துனாங்க. அம்மா உசுரோட இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பாங்களோ அதெல்லாம் செஞ்சாங்க. அவங்க இல்லாத விசேஷம் எனக்கு விசேஷமே இல்ல. ரொம்ப சூசாவா இருக்கு அண்ணே. நீ ஏதாச்சும் பண்ணு, இல்லாட்டி உன்னோட நானும் கப்பல் ஏறிடுறேன்." சூசா என்றால் கஷ்டம் என்று அர்த்தம். சொல்லாமலே அவள் முகத்தில் தெரிந்தது.

சாயந்திரம் ஐந்து மணிக்கு மாப்பிள்ளை வந்து, "வாங்க மச்சான்" என்று கட்டிப் பிடித்தார். முகம் கழுவினார். ஜன்னலைத் திறந்து கிராமபோனைத் தெருப்பக்கம் திருப்பி ஓர் அமெரிக்க இசைத்தட்டைப் போட்டார். அரை நிமிஷம்தான். நாலு வீடு தள்ளி வைத்தி வீட்டிலும் ஜன்னல் திறந்தது; அங்கிருந்து ஐரோப்பா கிளம்பியது. இரண்டும் நடுத்தெருவில் கட்டிப் புரண்டன. காலையிலிருந்து இன்னும் டயர் ஒட்டிக்கொண்டிருந்த பெச்சாக்காரரிடம் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் மலாயில் என்னவோ கேட்டார், அவரும் பதில் சொன்னார். கமலாவிடம் அர்த்தம் கேட்டேன்.

"எது நல்லா இருக்குன்னு கேக்குறாரு. எது முதல்ல நிக்குதோ அதுன்னு இவரு சொல்றாரு."

அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பேன். "மச்சான், நீங்க தீர்ப்புச் சொல்லுங்க" என்றார் மாப்பிள்ளை. "மெட்ராஸ் சங்கீத விமர்சகர் சொன்னா அபாங் ஒத்துக்குவாரு." அபாங் என்றால் அண்ணன். பேச்சு நின்றாலும் முறை நிற்கவில்லை.

நான் கமலாவைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள். என் அண்ணன் சங்கீத விமர்சகர் என்று ஊரெல்லாம் அளந்துவைத்திருக்கிறாள். டிசம்பர் சீசனில் விமர்சகர்கள் எழுதிக் கொடுப்பதை அச்சுக்குப் போகுமுன் பிழை பார்ப்பதுதான் என் உத்தியோகம். கல்யாணிக்கும் சங்கராபரணத்துக்கும் வித்தியாசம் எனக்கு எழுத்தில் தெரியும், காதில் தெரியாது. இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். கமலா அடுப்படியிலிருந்து ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

செவ்வாய் முழுவதும் அமெரிக்கா. மாப்பிள்ளை எனக்காக லீவே போட்டுவிட்டார். "இது கறுப்பு ஜனங்க பட்ட பாட்டுல பொறந்தது மச்சான். பட்டவன் வாசிக்கிறது வேற, பாத்து வாசிக்கிறது வேற" என்றார். வாதம் நியாயமாகத்தான் பட்டது. நான் பழக்கதோஷத்தில் தொடையில் தாளம் போட்டேன். எட்டுவரை சரியாக வந்தது, பிறகு அவர்கள் ஒரு பக்கம் போனார்கள், என் கை ஒரு பக்கம் போனது. மாப்பிள்ளை அதை ஏதோ பெரிய சங்கீத நுட்பம் என்று நினைத்து மரியாதையாகப் பார்த்தார். மத்தியானம் கமலா வடகம் பொரித்தாள். அன்றைக்கு எனக்குப் புரிந்த ஒரே விஷயம் அதுதான்.

புதன்கிழமை ஐரோப்பாவின் முறை. கமலாவும் குழந்தை வள்ளியை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட வந்தாள். எதிர்க்கட்சி வீட்டுக்குள் போகிறோமே என்று தயங்கினேன். வாசலில் மாவிலைத் தோரணம், உள்ளே சாமி மாடம், கும்பம், ஊதுபத்தி. மெட்ராஸில் என் அறையில் சாமி படமே ஒன்றுதான், அதுவும் காலண்டர். பச்சையம்மாள் என்கிற பச்சை அக்கா குழந்தையை வாங்கி முகர்ந்தார். அதற்கு மொழி வேண்டியிருக்கவில்லை.

வாழையிலை போட்டார்கள். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, மிளகாய் அரைத்த சம்பல், புளியும் மிளகாயும் போட்டிக்கு நிற்கும் ஒரு மீன் குழம்பு, முடிவில் தென்னை வெல்லம் உள்ளே வைத்து உருட்டிய பலகாரம். கடித்தால் வெல்லம் வாய்க்குள் வெடிக்கும். வெளியேயும் வெடிக்கும் என்பதை என் சட்டையில் தெரிந்துகொண்டேன். நீதிபதிக்கு லஞ்சம் கொடுத்த குற்றத்தை வேறு எந்த நாட்டிலும் இவ்வளவு ருசியாகச் செய்திருக்கமாட்டார்கள்.

பிறகு வைத்தி இசைத்தட்டைப் போட்டார். இங்கிலீஷில்தான் பேசிக்கொண்டோம். "கேளுங்க. டிரம் இல்ல. வயலினும் கிட்டாரும்தான். அமெரிக்காக்காரன்கிட்ட கத்துக்கிட்டான், மறுக்கல. ஆனா காப்பியடிக்கல. தன் வீட்டு வாத்தியத்தை அதுக்குள்ள கொண்டுவந்தான்." இந்த வாதமும் நியாயமாகத்தான் பட்டது. இரண்டு பக்கமும் நியாயமாகப் படுவதுதான் விவரம் தெரியாதவன் நீதிபதியானால் வரும் தொல்லை.

சாமி மாடத்தின் கீழ் பழைய நோட்டு ஒன்று இருந்தது. கையில் எடுத்தேன். இங்கிலீஷ் எழுத்தில் வரிவரியாக ஏதோ. நாலு வார்த்தை கூட்டிப் படித்த பிறகுதான் தேவாரம் என்று புரிந்தது. "இது நீங்க பாடுறதா?" என்றேன்.

வைத்தி கிராமபோன் ஊசியை எடுத்துவிட்டார். "பாடிக்கிட்டு இருந்தேன். ரெண்டு மாசமா இல்ல" என்றார். "உங்க மாப்பிள்ளை அன்னைக்கு என்ன சொன்னாருன்னு உங்களுக்குத் தெரியுமா? ஐரோப்பாக்காரன் ஜாஸ் வாசிக்கிறது நீங்க தேவாரம் பாடுற மாதிரிதான், நாக்கு திரும்பாது, நமக்குச் சிரிப்புத்தான் வரும்னாரு."

எனக்குச் சுருக்கென்றது. கமலாவின் முகம் வெளுத்துவிட்டது. அவளுக்கும் இது தெரியாது.

"என் அப்பா சொல்லிக் கொடுத்தாரு, அவருக்கு அவரு அப்பா" என்றார் வைத்தி. கோபமே இல்லாமல் சொன்னார், அதுதான் கஷ்டமாக இருந்தது. "அர்த்தம் பாதி தெரியாது. ஆனா ஒருநாளும் விட்டதில்ல. உங்க மாப்பிள்ளை மலாய் பேசுறதை நீங்க கேட்டிருக்கீங்களா? எங்க தெருவுல யாரும் சிரிக்கல."

அன்று ராத்திரி எங்கள் வீட்டு ரசத்தில் உப்பில்லை. பொரியலிலும் இல்லை. மாப்பிள்ளை சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "கமலா, உப்பு" என்றார். "நாக்கு திரும்புறவங்களுக்கு உப்பு எதுக்கு?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். நானும் ஒரே பானையில் உண்பவன் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் வாழைத்தார் சொல்லியிருப்பதாக மாப்பிள்ளை சைக்கிளில் கிளம்பினார். நான் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். முகத்தைப் பார்க்காமல் பேசவேண்டிய விஷயங்களுக்குப் பின்சீட்டைவிட நல்ல இடம் கிடையாது.

"அப்படிச் சொன்னீங்களா மாப்பிள்ளை?"

கொஞ்சதூரம் மிதித்தார். "வாயில வந்துடுச்சு மச்சான். சொன்ன நிமிஷமே அபாங் முகத்தைப் பாத்தேன். அன்னையிலேருந்து தூக்கமில்ல."

"அப்போ மன்னிப்புக் கேளுங்க."

"கேக்குறேன். தேவாரத்துக்குக் கேக்குறேன். ஆனா ஜாஸ் விஷயத்துல நான் சொன்னது சரி. அதை விட்டுக்கொடுக்க முடியாது."

"ரெண்டையும் ஒரே வாக்கியத்துல சொல்லிட்டீங்களேய்யா, பாதியை மட்டும் எப்படிக் கிழிச்சு எடுப்பீங்க?"

அதற்குப் பதில் வருமுன் சங்கிலி அறுந்தது. வாழைத்தாரைச் சைக்கிளில் கட்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு வந்தோம். வரும் வழியெல்லாம் மாப்பிள்ளை மன்னிப்பை வாய்க்குள் ஒத்திகை பார்த்தார். தெருவுக்கு வந்ததும் சைக்கிளை என்னிடம் கொடுத்துவிட்டு நேரே வைத்தி வீட்டு வாசலுக்குப் போனார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்று நிமிஷம் சமாதானமாகத்தான் பேசினார்கள். நாலாவது நிமிஷம், "ஆனா அபாங், அந்த வயலின் தட்டு விஷயத்துல மட்டும்..." என்று மாப்பிள்ளை இங்கிலீஷில் ஆரம்பித்தது என் காதில் விழுந்தது. கதவு சாத்திக்கொண்டது.

வெள்ளிக்கிழமை காலை ஜாலான் துக்காங் எமாஸ் என்ற தெருவில் இருக்கும் பிள்ளையார் கோவில். நாலு கடை தள்ளியிருந்து வந்த ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். குருக்கள் அர்ச்சனையை முடித்துவிட்டார். மாப்பிள்ளையின் ஆபீஸ் நண்பர்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். கமலா பட்டுப்புடவையில், கண் வீங்கி, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வைத்தியும் இல்லை, பச்சை அக்காவும் இல்லை.

"மாமன் வந்து உக்காருங்கோ, நேரம் போயிண்டிருக்கு" என்றார் குருக்கள்.

மணைப்பலகையைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. நாலு நாளாக நான் நீதிபதி வேஷம் போட்டு அல்லாடியது வீண். சங்கீதத்தில் என் பேச்சுக்குக் காலணா மதிப்பு கிடையாது. ஆனால் காதுகுத்து அன்றைக்குத் தாய்மாமன் முறுக்கிக்கொண்டால் ராஜாவானாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

"நான் உக்காரமாட்டேன்" என்றேன்.

கூட்டம் நிமிர்ந்தது. நம்ம ஜனங்களுக்கு இது புரியாத விஷயமா? ஊரில் மாமன்கள் மாலை சின்னது என்று முறுக்கியிருக்கிறார்கள், அப்பளம் நொறுங்கியது என்று முறுக்கியிருக்கிறார்கள். ஜாஸுக்காக முறுக்கிய முதல் மாமன் நானாகத்தான் இருப்பேன்.

"மச்சான், என்ன இது?" என்று மாப்பிள்ளை அருகில் வந்தார்.

"குழந்தையை முதல்ல கையில வாங்குனவங்க வரணும். அவங்க வீட்டுக்காரரும் வரணும். அதுவரைக்கும் இந்த மடி கிடையாது."

"இன்னும் அரைமணிதான் நல்ல நேரம்" என்றார் குருக்கள். ஆசாரி ஊசியை உறையில் போட்டுவிட்டு வெற்றிலை எடுத்தார். இந்த மாதிரி எத்தனை மாமன்களைப் பார்த்திருப்பார்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், கமலாவைப் பார்த்தார். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். அவர் சைக்கிளுக்குத்தான் சங்கிலி இல்லையே. அதே தெருப் பள்ளிவாசல் பக்கத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் பெரியவர் விஷயத்தைக் கேட்டார். "மாமன் முறுக்கா? அப்ப சீக்கிரம் போங்க" என்று தன் சைக்கிளைக் கொடுத்தாராம்.

மணைப்பலகைக்குப் பக்கத்தில் நின்றே இருந்தேன். முறுக்கிய மாமன் உட்காரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. வள்ளி என்னைப் பார்த்துச் சிரித்தாள். காது போகப்போவது அவளுக்குத் தெரியாது. நேரம் தாண்டிவிட்டால் கமலா ஆயுசுக்கும் என்னோடு பேசமாட்டாளே என்று நிமிஷத்துக்கு ஒருமுறை வாசலைப் பார்த்தேன்.

இருபத்தைந்தாவது நிமிஷம் பெச்சா ஒன்று வந்து நின்றது. பச்சை அக்கா இறங்கினார். கமலா ஓடிப்போய் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். பின்னாலேயே ஜவுளிக்கடைச் சைக்கிள். மாப்பிள்ளை வியர்வையில் குளித்திருந்தார். பின்சீட்டில் வைத்தி சிட்டி, நெற்றி நிறையத் திருநீறு, கையில் அந்த நோட்டு.

நான் உட்கார்ந்தேன். பச்சை அக்கா குழந்தையை என் மடியில் வைத்தார். ஆசாரி குத்தினார். வள்ளி போட்ட சத்தத்தில் தெருமுனைவரை ஆட்கள் திரும்பினார்கள். குருக்கள், "யாராவது ஒரு பதிகம் பாடுங்கோ" என்றதும் எல்லாரும் மெட்ராஸ் விமர்சகரைப் பார்த்தார்கள். எனக்கு முதல் வரி தெரியும். பாடினேன். இரண்டாவது வரி வரவில்லை.

மாப்பிள்ளை வைத்தியின் பக்கம் திரும்பி, "அபாங்" என்று கையைக் கூப்பினார்.

வைத்தி நோட்டைப் பிரித்தார், ஆனால் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாடினார். உச்சரிப்பு நம்ம உச்சரிப்பு இல்லைதான். ழகரம் எங்கேயும் அகப்படவில்லை, பல வார்த்தைகள் மலாய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தன. ஆனால் ஒரு வரியும் விடாமல் பதினோரு பாட்டையும் பாடினார். வள்ளி விசும்பலை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்தாள். மாப்பிள்ளை தூணில் சாய்ந்து வெளிப்படையாக அழுதார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எனக்கு அன்று முதல்தடவையாகச் சங்கீதம் காதில் விழுந்தது என்று சொல்லிக்கொள்ள வெட்கமில்லை.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு சாக்ஸபோனும் வயலினும் சேர்ந்து வாசித்தன. அது எந்தக் கண்டத்து ஜாஸ் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் என்னிடம் தீர்ப்புக் கேட்கவில்லை. தொடையில் தாளம் போட்டேன். அன்றைக்கும் தப்பியது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்கு எல்லாரும் வந்தார்கள். பச்சை அக்கா அந்த வெல்ல உருண்டைகளைப் பெரிய டப்பாவில் கொடுத்தார். மாப்பிள்ளை பெட்டியைக் கூரையில் ஏற்றிக்கொண்டிருந்தபோது வைத்தி என் ஜன்னலோரம் வந்து நின்றார்.

"காதுகுத்து அன்னைக்கு ஓடிவந்து என் வீட்டு வாசல்ல நின்னு உங்க மாப்பிள்ளை என்ன சொன்னாரு தெரியுமா?" என்றார். "அபாங், நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கிறேன், பாதியை இல்ல, முழு வாக்கியத்தையும்னாரு. தப்புத் தப்பான மலாய்லதான் சொன்னாரு." கொஞ்சம் குனிந்தார். "பாவம், முதல் பாதி சரிதான். ஐரோப்பாக்காரன் நல்லா வாசிக்கிறான், ஆனா அமெரிக்காக்காரனை எட்ட முடியாது. கப்பல்ல போனப்பவே எனக்குத் தெரியும்."

"அப்போ அன்னைக்கே ஒத்துக்கிட்டிருக்கலாமே?"

"எப்படி ஒத்துக்குவேன்? அதுமேலதானே ரெண்டாவது பாதி உக்காந்திருந்துச்சு."

பஸ் கிளம்பியது. இதை மாப்பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள் என்று ஜன்னலோடு நாலடி நடந்து வந்து சொன்னார். நானும் சொல்லவில்லை. இப்போது எழுதிவிட்டேனே என்றால், என் மாப்பிள்ளை நான் எழுதுவது எதையும் படிப்பதில்லை.